நல்ல கண்டன்சரைக் கொடுத்தவர்

மின்மாற்றி எரிந்த மறுநாள் நான் அனுப்பிய செய்தி ஆறு வரி. ஐந்து வரி சரி. கீரப்பாளையம் அருகே விவசாய மின்மாற்றி பழுதானது சரி. பதினெட்டு மோட்டார்கள் நின்றுபோனது சரி. நவரை நெல் பால்பிடிக்கும் பருவத்தில் இருந்ததும் சரி. 'கடும் வெயிலால் ஏற்பட்ட கூடுதல் மின்பளுவே காரணம்' என்ற வரி மட்டும் பொய். தட்டச்சு செய்யும்போதே அது எனக்குத் தெரியும். அந்த வரியால் ஒரு பெண்ணின் ஒன்றரை ஏக்கர் என்ன ஆனது என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போது நான் கடலூரில் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். தங்கையைக் கீரப்பாளையம் பக்கத்தில் ஓர் ஊரில் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளைக்கு இரண்டு ஏக்கர், ஒரு போர்வெல், ஒரு மோட்டார். அந்தப் பதினெட்டில் அவருடையதும் ஒன்று.

வயல் மோட்டார் ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். அதைப் பகலில் ஆறு மணி நேரம் கொடுத்தார்கள், பின்னிரவில் கொஞ்சம். மாலையில் இருமுனை மட்டும்தான். வீட்டில் விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், மோட்டார் ஓடாது. மாலையில்தான் மின்தேவை உச்சத்துக்குப் போகிறது என்பதால் இந்த ஏற்பாடு. அதை உச்சத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் என்னைப் போன்றவர்கள். கோடையில் மாலை ஆறு மணிக்குக் கடலூரில் எங்கள் அலுவலகத்தில் இரண்டு ஏ.சி. ஓடும், வீட்டில் ஒன்று. 'மாலை ஆறு முதல் பத்து வரை வாஷிங் மெஷின், கிரைண்டர் பயன்படுத்துவதைத் தவிர்க்கவும்' என்று எங்கள் பத்திரிகையில் பெட்டிச் செய்தி வந்த அன்று, ஏழு மணிக்கு என் வீட்டில் வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைக் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். வயலை நிறுத்த ஒரு சுவிட்ச் போதும்.

அதற்கு ஊர் கண்டுபிடித்த வழி கண்டன்சர். கைக்கு அடக்கமான ஒரு டப்பா. ஸ்டார்ட்டர் பக்கத்தில் மாட்டினால் இருமுனையிலேயே மோட்டார் ஓடிவிடும். ஒருவர் இருவர் மாட்டினால் தெரியாது. எல்லோரும் மாட்டினால் மின்மாற்றியில் பளு ஒரே பக்கமாக இறங்கி உள்ளே காயில் எரிந்துவிடும். இது ஊரில் தெரியாதவர் கிடையாது. ஆனால் அந்த ஒருவர் இருவரில் தானும் ஒருவர் என்றே ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாசி மாதக் கடைசியில் அந்தப் பகுதியின் உதவிப் பொறியாளர் நெல் காயவைக்கும் களத்தில் ஒரு கூட்டம் போட்டார். இளம் வயதுப் பெண், மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை சொல்லி நானும் போயிருந்தேன். பொறியாளரின் திட்டம் எளிமையானது. பகல் ஆறு மணி நேரத்தை இரண்டாகப் பிரித்து முதல் மூன்று மணி நேரம் ஒன்பது மோட்டார், அடுத்த மூன்று மணி நேரம் மற்ற ஒன்பது. மாலையில் யாரும் ஓட்டக் கூடாது. எல்லோரும் கண்டன்சரை ஒப்படைத்துவிட வேண்டும்.

"பகல்ல வோல்டேஜ் எங்க மேடம் வருது? மோட்டார் முனகுது, தண்ணி வரல" என்றார் ஒருவர்.

"பதினெட்டும் ஒண்ணா ஓடுனா முனகத்தான் செய்யும். ஒம்போது ஒம்போதா ஓட்டிப் பாருங்க."

"முறை வச்சிக்கிறது எங்களுக்குப் புதுசா மேடம்? வாய்க்கா தண்ணிக்கு முறை வச்சிக்கலியா நாங்க?"

"அந்த முறையில மம்பட்டியத் தூக்கிக்கிட்டு வந்தவனே நீதான்யா" என்று பின்னால் இருந்து குரல் வந்தது. பொறியாளரும் சிரித்துவிட்டார். சிரிப்போடு ஒப்பந்தம் முடிந்தது.

யூரியா சாக்கு ஒன்றை விரித்து வைத்தார்கள். ஒவ்வொருவராக வந்து, மடியிலும் பையிலும் தயாராக வைத்திருந்த கண்டன்சரை எடுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளையின் அடுத்த வயல்காரப் பெண் மட்டும், "இருங்க மேடம், எனுது மாட்டியே கெடக்குது, கழட்டிக்கிட்டு வந்துர்றேன்" என்று எழுந்து போனார். நாற்பதைத் தாண்டியவர். கணவருக்குத் திருப்பூரில் வேலை, வருஷத்துக்கு இரண்டு முறை வருவார். ஒன்றரை ஏக்கரையும் இவர்தான் தனியாகப் பார்த்தார். கால் மணி நேரம் கூட்டம் காத்திருந்தது. திரும்பி வந்தவர் கையில் இருந்த கண்டன்சரில் அப்போதுதான் நறுக்கிய ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைச் சாக்கில் போடும்போது படம் எடுத்தேன்.

சிதம்பரம் பஸ் நிலையத்துக்கு மாப்பிள்ளை பைக்கில் கொண்டுவந்து விட்டார். வழியில் அவரே ஆரம்பித்தார்.

"நான் போட்டது போன வருசமே செத்துப்போச்சி மச்சான். இன்னைக்கித்தான் அடக்கம். நீங்க வேற பேப்பர்ல போட்டுருவீங்க, நல்ல மரியாதைதான்."

"மத்தவங்க போட்டது?"

"சாக்கத் தூக்கிப் பாத்தீங்களா? எல்லாம் பொணம். அந்தக்கா ஒண்ணுதான் உசுரோட குடுத்துச்சி."

நான் சிரித்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து அடக்கமாட்டாமல் சிரித்தேன். கடலூர் போய், விவசாயிகள் தாமாக முன்வந்து கண்டன்சரை ஒப்படைத்தார்கள் என்று முக்கால் பத்தி எழுதினேன். அந்தப் பெண்ணின் படத்தோடு மூன்றாம் பக்கத்தில் வந்தது. பொறியாளரை மேலதிகாரிகள் பாராட்டியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் இருந்தேன். விளக்கு வைக்கும் நேரம். அந்தப் பெண் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஒங்க மோட்டார் ஓடுது போலருக்கே."

"இல்லக்கா. தண்ணி பாயுற சத்தம் காத்துல அப்புடித்தான் கேக்கும்."

"மோட்டார் ஓடாம தண்ணி எப்புடிப் பாயும்?"

மாப்பிள்ளை சிரித்தார். தங்கை உள்ளே போய்விட்டாள்.

"எனக்கு ரெண்டாவது முறை தம்பி. மூணு மணி நேரம் எம்மா கழனிக்குப் பாயும்? கதுரு பால் புடிக்குது. எல்லாரும் மாட்டிக்கிட்டீங்க, நானும் ஒண்ணு வாங்கி மாட்டிக்கிறேன்."

"அய்ய, அந்த வேலை மட்டும் செஞ்சிராதக்கா. ஏற்கெனவே லோடு ஜாஸ்தி. நீயும் மாட்டுனா டிரான்ஸ்பார்மர் தாங்காது."

அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடு, பொறியாளர் பேசியது போலவே சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் தட்டில் இருந்த முறுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி தம்பி" என்று போய்விட்டார். மாட்டவில்லை.

அடுத்த செவ்வாய் மாலை மின்மாற்றி எரிந்தது. ஊரில் இருந்து முதல் போன் தங்கையிடமிருந்து. "அண்ணே, கண்டன்சர்னு எழுதிடாதீங்க. செக்கிங் வந்தா நம்ம சர்வீஸைத்தான் மொதல்ல கட் பண்ணுவாங்க." அடுத்தது பொறியாளர். "கண்டன்சர்னு வந்தா நான் பதினெட்டு மோட்டார் கொட்டகையும் செக் பண்ணணும் சார். நெல்லு நிக்கிறப்ப கனெக்‌ஷன் கட் பண்ணா ஊரே ரோட்டுக்கு வரும். வெயில்னே ரிப்போர்ட் எழுதிட்டேன்." பயந்துபோயிருந்தார். அவருடைய திட்டத்தை ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அது மூன்று வாரம்கூட உண்மையில் நடக்கவில்லை என்று எழுத வேண்டியவனும் நானே. என் பழைய செய்தியும் அதோடு பொய்யாகிவிடும். அந்த மூன்றாவது காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஆறு வரியை அனுப்பினேன்.

அந்தக் கோடையில் பல இடங்களில் மின்மாற்றிகள் எரிந்திருந்தன. மாற்று மின்மாற்றிக்கு வரிசை இருந்தது. ஊர்க்காரர்கள் டிராக்டரில் மாட்டும் ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். இருந்தது ஒன்று, வயல்கள் பதினெட்டு. இதற்கும் முறை வைத்தார்கள். ஜெனரேட்டரைப் பிடித்துவந்தவர்களுக்கு முதலில், டீசலுக்கு முன்பணம் போட்டவர்களுக்கு அடுத்து. அந்தப் பெண்ணுக்கு முறை வந்தது பதினோராவது நாள். மாப்பிள்ளைக்கு இரண்டாவது நாளே பாய்ந்துவிட்டது.

அறுவடை சமயத்தில் தங்கை வீட்டுக்குப் போனபோது அந்த வயலைப் பார்த்தேன். தூரத்தில் எல்லா வயலும் ஒரே நிறம். கிட்டே போனால் மாப்பிள்ளையின் கதிர்கள் தலை சாய்ந்திருந்தன, அந்தப் பெண்ணுடையவை விறைப்பாக நின்றன. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினேன். கையில் நான்கு மணி நின்றது. அறுப்பு இயந்திரத்துக்குக் கொடுக்கும் கூலிக்குக்கூட நெல் தேறாது என்று அவர் மாட்டை விட்டு மேய்க்கச் சொல்லிவிட்டார்.

மாதம் ஒரு முறை கடலூரில் நடக்கும் விவசாயிகள் குறைகேட்புக் கூட்டத்துக்கு அவர் மனுவோடு வந்தார். நான் பத்திரிகையாளர் வரிசையில் இருந்தேன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். கண்டன்சரைக் கொடுத்துவிட்டதாக ஏமாற்றியவர்கள்தான் மின்மாற்றியை எரித்தார்கள், தன் நெல் போனதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மனு அவ்வளவுதான்.

மேடையில் இருந்த அதிகாரி ஒருவர் கோப்பைப் புரட்டினார். பொறியாளரின் அறிக்கைக்குப் பின்னால் என் ஆறு வரியைக் கத்தரித்து ஒட்டியிருந்தார்கள்.

"வெயிலால எரிஞ்சுதுன்னு பேப்பர்லயே வந்துருக்கேம்மா."

"அந்தப் பேப்பர்க்காரரு அதோ ஒக்காந்துருக்காரு. நாங்க கண்டன்சர் குடுத்த அன்னைக்கிக் கூடவே இருந்தாரு. அவரையே கேளுங்க."

அரங்கம் திரும்பிப் பார்த்தது. அதிகாரி சிரித்தபடி, "என்ன சார்?" என்றார்.

"அதிகாரிகள் சொன்னதை வச்சுதான் சார் எழுதுனோம்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. பத்திரிகையில் இத்தனை வருஷம் இருந்தவனுக்கு அப்படிப்பட்ட வாக்கியங்கள் யோசிக்காமலே வரும். அடுத்த மனுதாரரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே மரத்தடியில் அவர் காத்திருந்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"ஒங்க தங்கச்சி ஊட்டுக்காரருக்காவவா சார் அப்புடிச் சொன்னீங்க?"

"அதுக்காக இல்லம்மா."

"அப்ப எதுக்கு?"

ஊர்ப் பேருந்துக்கு அவருக்கு நேரமாகிவிடும் என்று ஏதோ சொன்னேன். அவர் மனுவின் நகலை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

சம்பா நடவுக்கு முன்னால் தங்கை போனில் சொன்னாள். அந்த ஒன்றரை ஏக்கரை இவர்களே குத்தகைக்கு எடுத்துவிட்டார்களாம். "அவுங்களே வந்து கேட்டாங்கண்ணே. பக்கத்துல இருக்குறவங்க பாத்துக்கிட்டா நல்லதுன்னாங்க." அவர் எங்கே என்று கேட்டேன். சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலை, முகூர்த்த நாளில் இரண்டு வேளைச் சாப்பாடு என்றாள். புது மின்மாற்றி முன்னதைவிடப் பெரியது, இப்போது பிரச்சினை இல்லை என்றும் சொன்னாள்.

தை பிறந்து, அந்த வயலில் விளைந்த அரிசியில் ஒரு மூட்டையை மாப்பிள்ளை கடலூருக்கு அனுப்பிவைத்தார். நன்றாக வேகிற அரிசி என்று என் மனைவி சொன்னாள். சித்திரை வரை அதைத்தான் சாப்பிட்டோம்.