சவ்வின் விளிம்பில் ஒரு பூஜ்யம்

என் மகளின் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை முறை 'டீச்சர்' வருகிறது என்று நான் எண்ணத் தொடங்கிய அன்றே உஷாராகியிருக்க வேண்டும். டீச்சர் என்றால் அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை. பிளஸ் டூ வரை அவளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது நான்தான். எம்.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டு, மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்கு மேல் இருக்கும் இந்த வீட்டிலேயே டியூஷன் எடுத்தவள் நான். இப்போது அவள் காலையில் படகேறி எர்ணாகுளம் போகிறாள். திரும்பி வரும்போது டீச்சரைப் போலவே சிரிக்கிறாள்.

அவள் ஆராய்வது ஒரு மெல்லிய சவ்வை. ஒரு பக்கம் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு தானாக அதனூடே ஊறி மறுபக்கம் போக நேரமாகும். சவ்வுக்குள் சுமப்பான் மூலக்கூறுகளைக் கலந்து வைத்தால், அவை வாயுவை இந்தப் பக்கம் பிடித்து அந்தப் பக்கம் விட்டுவிட்டுத் திரும்பும். அந்த வேகத்தைச் சமன்பாடுகளில் பிடிக்க வேண்டும். விளக்கிச் சொல் என்றேன்.

"டீச்சர் சொன்னா நல்லா மனசிலாகும்மா. எனக்கு அவங்க மாதிரி வராது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அச்செடுத்த வரைவை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். ஓரமெல்லாம் டீச்சரின் பென்சில் குறிப்புகள். இத்தனையில் ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது. சவ்வின் இரு விளிம்புகளிலும் சுமப்பான் அளவின் சரிவு, அதாவது ஏற்ற இறக்கம், பூஜ்யம் என்று அவள் எழுதியிருந்தாள். சுமப்பான் சவ்வுக்கு வெளியே கிடையாதே, அப்படியானால் விளிம்பில் அதன் அளவேயல்லவா பூஜ்யம்? பக்கத்தில் கிடந்த பென்சிலை எடுத்து அடித்துத் திருத்தினேன். டீச்சர் எழுதுவதுபோலச் சிறியதாக எழுதினேன். அவள் வந்ததும் சொல்லவில்லை.

ஆய்வுக் குழுவின் முன் வரைபடம் காட்டிய அன்று முகம் வெளுத்து வந்தாள்.

"ஒரு சார் கேட்டாரும்மா, 'நேரம் போகப் போக சுமப்பான் மொத்தமும் காணாமப் போகுதே, வல்லார்பாடம் துறைமுகத்துல கப்பல் ஏறிடுச்சா?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ சரிபார்க்கலையா?"

"டீச்சர் திருத்தினதை நான் ரெண்டாவது தடவை பாக்கறதே இல்ல. தாளை அவங்ககிட்ட நீட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பாத்தாங்க. அப்புறம் எல்லார் முன்னாடியும் 'என்டெ தெற்றா', என் தப்புதான்னு பறஞ்சாங்க. அடுத்த வாரம் மறுபடி காட்டணும்."

தன் எழுத்து எது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாதா?

"அவங்களைப் போய் தலைகுனிய வெச்சுட்டேனேம்மா. என்ன ஒரு மனசு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் தப்பினால்கூட மகளுக்கு டீச்சர்மேல்தான் பாசம் கூடியது. இரண்டு நாள் பொறுத்தேன். நேர்மைக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அந்தத் தப்பையாவது டீச்சரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சாயா ஆற்றிக்கொண்டிருந்தவளிடம், "அந்தப் பூஜ்யம் நான் போட்டது" என்றேன்.

டம்ளர் நின்றது. திட்டியிருந்தால் தேவலை.

"டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கும்ல?" என்றுதான் முதலில் கேட்டாள். பிறகு ஒரு தாளில் இரண்டு கோடுகள் கிழித்தாள். "சுமப்பான் வெளிய போகாது. ஆனா விளிம்பு வரைக்கும் வரும்மா, வந்து திரும்பும். அங்க அளவு பூஜ்யம்னா, கதவைத் திறந்து நீயே அதை வெளிய விட்டுட்டேன்னு அர்த்தம். மனசிலாச்சா?"

"ஆச்சு."

ஃபோனை எடுத்து எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினாள். "அவங்ககிட்ட நீயே சொல்லு."

"எந்தா மோளே?" என்றது மறுமுனை. என் மகளை மகளே என்று கூப்பிட்ட அந்தக் குரலை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். எரிச்சலாக வந்தது.

"அவளோட அம்மா பேசறேன்" என்றேன்.