வலது விரலுக்கடியில் ஒரு துடிப்பு

என் மகளோடு ஒரே வார்டில் வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி அயர்லாந்துக்குப் போனபோது, கொண்டுபோக முடியாத சாமான்களைத் தோழிகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். ஒருத்திக்கு மிக்ஸி, ஒருத்திக்கு இரும்புக் கட்டில். என் மகளுக்கு டிவியில் மாட்டி விளையாடுகிற ஒரு கேம் பெட்டியும் கூடவே ஒரே ஒரு விளையாட்டும். அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த அன்று, “இருபத்தாறு வயசுல இது ஒண்ணுதான் கொறச்சல்” என்று சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெட்டிக்கு முன்னால் அவளைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தவன் நான்தான். எனக்கு ஐம்பத்து மூன்று வயது.

மனைவி இறந்து மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். நான் சாயங்காலம் ஏழு மணிக்கு ஆம்பூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது பல நாள் வீடு பூட்டித்தான் இருக்கும். முதலில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தியில் எல்லோரும் கத்துகிறார்கள். அதனால்தான் அந்தப் பெட்டியைப் போட்டேன், வேறு ஆசையெல்லாம் இல்லை.

விளையாட்டில் ஒரு பெண். இடுப்பில் கயிறு, கையில் கவண். கடல் பாதி விழுங்கிய ஒரு பழைய ஊருக்குள் காணாமல்போன அக்காவைத் தேடிக்கொண்டு போகிறாள். சுவர் ஏறுகிறாள், நீந்துகிறாள், அங்கங்கே காவல் நிற்கிற முரடர்களோடு சண்டை போடுகிறாள். கதை அவ்வளவுதான். விவரம் தெரிந்தவர்கள் இந்த விளையாட்டை அலட்சியமாகப் பேசுகிறார்களாம், மகள் சொன்னாள். ரொம்ப சுலபமாம், சவாலே இல்லையாம். விடிவதற்குள் எழுந்து, சாதம் கட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவனுக்கு வீட்டுக்குள்ளும் ஒரு சவால் வேண்டுமா? சொல்கிறவர்கள் பகலில் என்ன வேலை பார்க்கிறார்களோ.

எனக்கு அதில் பிடித்ததே அந்தச் சுலபம்தான். ஆரம்பத்திலேயே எவ்வளவு கஷ்டம் வேண்டும் என்று கேட்கிறது. கடைசி வரியில் ‘கதை மட்டும் போதும்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கேலி செய்வதில்லை. அந்தப் பெண் விளிம்பு தெரியாமல் நடந்தால் தானே கையை நீட்டிப் பிடித்துக்கொள்கிறாள். அப்படியும் விழுந்து செத்தால் நாலு அடி பின்னால் எழுந்து நிற்கிறாள், அவ்வளவுதான் தண்டனை. பத்து நாள் தொடாமல் விட்டுவிட்டுத் திரும்பப் போனாலும், நீ இந்த மணிக்கூண்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய் என்று இரண்டு வரியில் ஞாபகப்படுத்துகிறது. நடுவில் எழுந்து பால் இறக்கப் போனால் முரடர்கள் கையை ஓங்கியபடியே காத்திருக்கிறார்கள். நம் உறவுக்காரர்களிடம்கூட இந்தப் பொறுமை கிடையாது.

கவணால் குறிவைப்பதும் எனக்கு நன்றாக வந்தது. பத்துக்கு ஒன்பது கல் சரியாகப் போய் விழும். ஒருநாள் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். “அது அதுவா திருத்திக்கும்பா, ஈஸில வெச்சிருக்க இல்ல” என்றாள். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

நான் பார்த்தது அசார்ட்டர் வேலை. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இருபத்தேழு வருடம். எல்லா வேலையும் முடிந்து வருகிற தோலை ஒவ்வொன்றாக மேஜையில் விரித்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது ஆகாது என்று பிரித்து அடுக்குகிறவன்தான் அசார்ட்டர். உண்ணி கடித்த தடம், முள்கம்பி கிழித்த கோடு, இவற்றைக் கண் பார்த்துக்கொள்ளும். கனம் எங்கே குறைகிறது, மெத்து எங்கே கெட்டுப்போகிறது என்பதைக் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும்தான் சொல்ல வேண்டும். தோலை அந்த மூன்று விரலுக்கு நடுவில் பிடித்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை இழுப்போம். அளக்கக் கருவி இருக்கிறது. ஒவ்வொரு தோலுக்கும் கருவியை எடுத்துக்கொண்டிருந்தால் லாரி கிளம்பாது.

பொங்கல் லீவு முடிந்து மேஜைக்குப் போன அன்று, தோலை இழுத்தேன், விரலில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு முதலில் என் கைமேல் சந்தேகம் வரவில்லை. தோல்மேல்தான் வந்தது. மேல்பூச்சில் என்னவோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்து ஃபினிஷிங் பிரிவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அவர்கள் நோட்டைக் காட்டினார்கள், ஒன்றும் மாறவில்லை. பத்து மணிக்கு டீ வந்தது. கிளாஸை வலது கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் சூடு தாங்காமல் விளிம்பைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். நான் முழுசாகப் பிடித்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் கை மரத்துப்போனால் எல்லோர் மனசும் ஒரே நோய்க்குத்தான் போகும். நாங்கள் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஆட்கள் வந்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகில் உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா என்று இறகால் தொட்டுப் பார்ப்பார்கள். அது குணமாகும், பயப்பட வேண்டாம் என்று சுவர்தோறும் எழுதியிருக்கும். அதைப் படித்துக்கொண்டேதான் பயந்தோம். இப்போது மாத்திரையில் சரியாகிவிடுகிறது என்று எனக்கும் தெரியும். ஆனால் விஷயம் மேஜைக்குப் போனால் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டார்கள். எனக்கு மட்டும் டீ பேப்பர் கப்பில் வரும். அது போதும்.

அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிற மகளிடமும் சொல்லவில்லை.

இடது கையால் இழுத்துப் பார்த்தேன், அதற்குப் பழக்கமில்லை. பிறகு தோலின் ஓரத்தைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மெத்து கன்னத்துக்குத் தெரிகிறது. கனம் தெரியாது. கனத்தைக் கண்ணால் குத்துமதிப்பாக முடிவு பண்ணினேன். தோல் எடுத்துப் போடுகிற பெண்கள் சிரித்தார்கள். “இன்னாண்ணா, தோலுக்கு முத்தம் குடுக்கிற?” என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த நாள் அவளும் கன்னத்தில் வைத்துக் கண்ணைச் சொருகி நடித்துக் காட்டினாள். நானும் சிரித்தேன். மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்ற இன்னொரு அசார்ட்டர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைவிட ஆறு வயது பெரியவர். நான் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஏழு மாதமும் நான் பயந்து நடுங்கியிருக்க வேண்டும். பயம்கூடச் சரியாக வரவில்லை. பஸ், மேஜை, பஸ், டிவி. சாப்பாட்டில் உப்பு போட மறந்ததைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கவனிப்பேன். வாங்குபவர்களிடமிருந்து என் அடுக்கு எதுவும் திரும்பி வரவில்லை. இருபத்தேழு வருட அனுபவம் கண்ணுக்கு இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அதில் ஒரு திமிர்கூட இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் விளையாடிக்கொண்டிருந்தேன். மகளுக்கு டூட்டி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். விளையாட்டில் ஊர் முழுக்கச் சின்னச் சின்னத் தகரப் பெட்டிகளை ஒளித்துவைத்திருக்கிறார்கள். நான் அதுவரை நாலோ ஐந்தோதான் கண்டுபிடித்திருந்தேன். ஒரு இடிந்த வீட்டைத் தாண்டிப் போனேன்.

“அப்பா, அங்கதான் இருக்கு. தாண்டிப் போற பாரு.”

“இன்னா இருக்கு?”

“பொட்டி. பக்கத்துல போனா கையில துடிக்குமே.”

“எது துடிக்குது?”

அவள் பூண்டைக் கீழே வைத்தாள். கையில் பிடிக்கிற கருவியை என்னிடமிருந்து வாங்கி, வலது ஆள்காட்டி விரல் படுகிற பொத்தானில் தன் விரலை வைத்தாள். என்னைப் போன்றவர்களுக்காக வைத்திருக்கிற வசதி அது. தேடித் தேடிக் கண் வலிக்க வேண்டாம், பெட்டி பக்கத்தில் இருந்தால் அந்த ஒரு பொத்தான் மட்டும் விரலுக்கடியில் லேசாகத் துடிக்கும். இத்தனை மாதம் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் கருவியைத் திரும்ப என் கையில் கொடுத்து, என் விரலை எடுத்து அந்தப் பொத்தான்மேல் வைத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

பிறகு என் உள்ளங்கையைத் திருப்பினாள். கட்டைவிரல் அடிமேட்டை அழுத்தினாள். “இங்க சதை எங்கப்பா போச்சு?” என்று கேட்டாள். இடது கையோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் நானும் கவனித்தேன். வலது கையில் அந்த மேடு வற்றிப்போயிருந்தது.

“எத்தன நாளா?”

“கொஞ்ச நாளா.”

“அப்பா.”

“பொங்கல்லேர்ந்து.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “அதுன்னு நெனச்சிட்டியா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். “தெனம் நான் எவ்ளோ பேருக்குப் பாக்குறேன். என்கிட்டகூட சொல்ல மாட்டியா?” என்றாள்.

மறுநாள் அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போனாள். சின்ன வயது டாக்டர். கையை மேஜைமேல் வைக்கச் சொல்லி, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் ‘ம்’ சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பரீட்சையில் தேற வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. ஏனென்று தெரியவில்லை. ஒரு அசார்ட்டருக்கு வேலையின் தாளம் தெரியும், ஒரு தோலுக்கும் அடுத்த தோலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று உடம்பே சொல்லும். ஒரு மூச்சு விட்டு, மனசுக்குள் மூன்று எண்ணி, ‘ம்’ என்றேன். இன்னொரு மூச்சு. ‘ம்’. அப்படியே ஐந்தாறு முறை சொன்னேன். அறை அமைதியாக இருந்தது. நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

“அப்பா,” என்றாள் மகள். “டாக்டர் இன்னும் தொடவே இல்ல.”

அந்த நோய் இல்லை என்று இரண்டு நாள் பரிசோதனைகளுக்குப் பிறகு தெரிந்தது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது. வருடக்கணக்கில் விரலால் கிள்ளி இழுத்த வேலை, நான் ஒருமுறைகூடப் பார்க்காத சர்க்கரை, இரண்டும் சேர்ந்துகொண்டன. ஆபரேஷன் பண்ணினால் மேலும் கெடாது என்றார் டாக்டர். உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். “ஆரம்பத்துலயே வந்திருந்தா நல்லா திரும்பியிருக்கும். இப்ப உறுதியா சொல்ல முடியல” என்றார். மகள் வெளியே போய்க் குடிதண்ணீர்க் குழாய் பக்கம் நின்று அழுதாள். நான் ஃபைலைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன். அந்த நோய் இல்லை என்றதில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பயந்துதான் ஒளித்தேன், ஒளித்ததால்தான் கை போனது. அது எனக்கு நன்றாகப் புரிந்தது, ஆனால் வேறு யாருக்கோ நடந்தது மாதிரி புரிந்தது.

ஆபரேஷன் முடிந்து இப்போது தோலின் பரப்பளவை அளக்கிற மெஷினில் நிற்கிறேன். விரல்களில் பெரிய மாற்றம் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால், மானேஜரிடம் போவதற்கும் முன்னால், பாயிடம்தான் முதலில் சொன்னேன். சாப்பாட்டு நேரம், மேஜையில் நாங்கள் இரண்டு பேர்தான். கையைக் காட்டி, நடந்ததைச் சொல்லி, “இனிமே முதல் தரம் நீங்களே பாருங்க பாய், நான் ஒதுங்கிக்கிறேன்” என்றேன்.

அவர் டிபன் மூடியைத் துடைத்துக்கொண்டே, “தெரியும்பா” என்றார்.

“இன்னா தெரியும்?”

“நீ பஸ் ஏறிப் போனதும் உன் அடுக்க ஒரு தடவ பிரிச்சுப் பாத்துட்டுத்தான் நான் வூட்டுக்குப் போறேன். நாலஞ்சு மாத்திப் போடுவேன். ஜாஸ்தி இல்ல.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. திரும்பி வராத அடுக்குகளையெல்லாம் என் கணக்கில் போட்டுக்கொண்டு நடந்தவன் நான். முகம் சுட்டது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “எப்போலேர்ந்து பாய்? பொங்கல்லேர்ந்தா?” என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். பொய் சொல்ல வராத மனிதர்.

“இல்லப்பா, தீபாவளிக்கு முந்தியே.”

அந்த மூன்று மாதமும் தோல் என் விரலில் நன்றாகத் தெரிகிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.