மூன்று முறை கூப்பிட்ட பெயர்

வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்பு டவாலி, நடுவில் பித்தளை வில்லை. அதைக் கழற்றிப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டுதான் அந்த அண்ணன் மாலைக் கல்லூரிக்கு வருவார். கோர்ட்டு வாசலில் நின்று, வழக்குக்கு வரவேண்டியவர்களின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவது அவர் வேலை. நாற்பதுக்கு மேல்தான் பட்டப் படிப்பில் சேர்ந்தார். திண்டுக்கல்லில் அப்போது நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். வயதில் என்னைவிட மூத்தவர் என்பதால் அவர் எனக்கு டவாலி அண்ணன்; நான் அவருக்கு டீச்சர்.

உலகப் போருக்குப் பிறகு நாஜிகள் மேல் நடந்த விசாரணைகளை ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருந்தலைகள் சிலருக்குத் தூக்கு, சிலருக்குச் சிறை. அத்தோடு பாடப் புத்தகம் முடிந்துவிடும். "மத்தவய்ங்க?" என்று கேட்டார் அண்ணன். சிலர் கப்பலேறி ஓடினார்கள், பலர் வீட்டுக்குப் போய்க் கைகால் கழுவிவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பினார்கள் என்றேன். போலீஸாக, டாக்டராக, ஏன், நீதிபதியாகக்கூட. தண்டனை பெற்றவர்களிலும் நிறையப் பேர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார்கள். தோண்டித் துருவ யாருக்கும் தெம்பில்லை, மனமும் இல்லை.

"பேரக்கூட மாத்தாமயா?"

"நெறையப் பேரு மாத்தலண்ணே."

"எங்காளும் மாத்தல டீச்சர்," என்றார்.

வகுப்பு முடிந்து பேருந்து நிலையத்துக்கு நடக்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. அவருடைய தங்கச்சியை எரித்துக் கொன்றதாக அவள் புருஷன் மேல் வழக்கு. ஜாமீனில் போனவன் திரும்பவே இல்லை. பிடிவாரண்டு போகும், ஆள் அகப்படவில்லை என்று திரும்பி வரும். அவனோ பக்கத்து ஊரான எரியோட்டுச் சந்தையில் தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் பெயரை இவர்தான் கூப்பிட வேண்டும். சே, என்ன பிழைப்பு! வேறு யாரையாவது கூப்பிடச் சொல்லக் கூடாதா என்று கோபமாகவே கேட்டேன்.

"நாந்தான் கூப்புடணும் டீச்சர். என்னைக்காச்சும் ஒருநா வந்து நிப்பான்ல? அவன் மூஞ்சிய நான் பாக்கணும்."

அவன் வரவில்லை. சொந்த வீட்டுக் கட்டிலில், இரண்டாம் கல்யாணத்துப் பிள்ளைகள் சுற்றி நிற்கச் செத்தான். அவன் இறந்துவிட்டான் என்று வழக்கை முடித்த அன்றும் அண்ணன் வாசலுக்குப் போய் மூன்று முறை கூப்பிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, "செத்தது தெரியும் டீச்சர். அவன் வரலைங்கிறது நாலு பேரு காதுல விழணும்ல," என்றார். இப்போது அவரும் இல்லை.

போன வாரம் மதியச் செய்தியில் ஒரு கிழவனைக் காட்டினார்கள். நாஜி முகாம் ஒன்றில் காவலனாக இருந்தவன். நூறு வயதை நெருங்குகிறான். விசாரணையைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம், வழக்கு நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அவன் உடம்பு நன்றாகத்தானே இருந்தது, அப்போதெல்லாம் எங்கே போயிருந்தீர்கள்? எனக்கு ஆத்திரம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனேன். தோளில் டவாலிதான் இல்லை. வாயில் நுழையாத அந்தப் பெயரை, அண்ணனைப் போலவே இழுத்து இழுத்து, மூன்று முறை கூப்பிட்டேன்.

எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "யாரு டீச்சர் வரல?" என்றார்.