ஊர் அட்டைகளெல்லாம் என் போனில்

பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்துத் தட்டிக்காட்டி, "கெட்டி சரக்கு, பாரு" என்றார் என் வீட்டுக்காரர். அலமாரியில் கிடந்த என் பழைய செல்போனைக் கொடுத்து வாங்கினாராம். உடைந்த செல்போனுக்குப் பாத்திரம் என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு மொபெட்டில் ஒருவர் மலையேறி வந்திருக்கிறார்.

அதையா கொடுத்தீர்கள் என்று கத்தினேன். அந்த போனில் டிஸ்பிளே மட்டும்தான் போயிருந்தது. உள்ளே எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் ஆதார் அட்டையும் பேங்க் பாஸ்புக்கும் போட்டோவாக இருந்தன. மலையில் பாதி நாள் சிக்னல் கிடைக்காது. ஏதாவது விண்ணப்பம் என்றால் என்னிடம் அட்டையை நீட்டுவார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு கீழே போய்ப் பதிந்துவிட்டு வருவேன். ஒருத்திகூட என்னைச் சந்தேகப்பட்டதில்லை.

"செத்த போனுக்கு இன்னாத்துக்கு இப்டி குதிக்கிற?" என்றார் அவர்.

மல்லுக்கட்ட நேரமில்லை. மலையிறங்கினால் அடிவாரத்து ஒடுகத்தூருக்குத்தான் போயிருப்பார் என்று பேசினோடு பஸ் ஏறினேன்.

மொபெட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு அருகே டீ குடித்துக்கொண்டிருந்தார். வண்டியில் ஒரு சாக்கு நிறைய போன்கள்.

"குடுத்தத திருப்பிக் கேக்கக்கூடாதுக்கா. வேற டிஸ்பிளே போட்டா ஓடும், அதுக்குத்தான் எடுக்கறோம்."

ஓடும் என்பதுதானே என் பயமே! முன்சக்கரத்தை மறித்து நின்றேன். "என் போனு வர்ற வரைக்கும் வண்டி நவுறாது" என்றேன். கூட்டம் கூடியது. கடுகடுவென்று சாக்கைத் தரையில் கொட்டினார். பொறுக்கி எடுத்துக்கொண்டு பேசினைக் கொடுத்தேன்.

ஜெயித்த தெம்பில் திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து புது போனைத் திறந்தேன். பழையதிலிருந்த எல்லாப் போட்டோக்களும் இதிலும் இருந்தன. வேலை முடிந்த பிறகும் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. அந்த மனுஷனிடம் அவ்வளவு எகிறியது நினைவுக்கு வந்து கூச்சமாகிவிட்டது. அவரவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையிலேயே கிளம்பினேன். எதிர்வீட்டுக்காரி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி, அவள் அட்டையைக் காட்டி, அழித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த வேல அன்னிக்கே முடிஞ்சிச்சேக்கா. இத்தினி நாளும் வச்சிக்கினா இருந்த?"

"ஆமா" என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. போகவில்லை. அடுத்த வீட்டில், அவர்கள் கேட்பதற்கு முன்பே, வேலை முடிந்தும் அழிக்காமல் வைத்திருந்ததை நானே சொன்னேன்.