கயிறு பிடித்தவர்

அறுந்துவிடும் போல விறைத்திருந்த கயிறுகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. தண்ணீர்மலைச் சாலையில் தைப்பூசக் கூட்டம். முதுகில் கொக்கி மாட்டிய காவடிக்காரர் முன்னால் சாய்ந்து இழுத்தார். பின்னால் ஒருவர் கயிறுகளைக் கையில் சுற்றிக்கொண்டு, குதிகாலை ஊன்றி நின்றார். கேமராக்கள் எல்லாம் காவடிக்காரரை நோக்கியே இருந்தன. அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

“பின்னால நிக்கிறவரு கண்ணுக்கே தெரியலன்னு வெச்சிக்கோ. இவரு இவ்ளோ சாஞ்சும் விழல. என்னா நெனைப்ப?”

“யாரோ புடிச்சிருக்காங்கன்னு.”

“அதான்லா கரும்பொருள்.”

அப்போது நான் தொடக்கப்பள்ளியில் ஆறாம் ஆண்டு. அறிவியல் பேச்சுப் போட்டிக்கு, ‘டார்க் மேட்டர்’ எனப்படும் கரும்பொருளைத் தலைப்பாகக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா படுக்கையில் விழுந்ததும் இடைநிலைப் பள்ளியின் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை விட்டு மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனவள் அக்கா. தொழிற்சாலை பஸ்ஸில் நூலகப் புத்தகங்களைப் படிப்பாள். கோடானுகோடி விண்மீன்கள் கூட்டமாகச் சுழல்வதுதான் விண்மீன் மண்டலம் என்றாள். அதன் ஓரத்து விண்மீன்கள் ஓடும் வேகத்துக்குச் சிதறிப் போயிருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதன் ஈர்ப்பு மட்டும் அவற்றைப் பிடித்துவைக்கப் போதாது. “மிச்சத்தப் புடிக்கிறது கரும்பொருள். ஆனா அது கயிறு மாதிரி ஒரே எடத்துல இல்ல. மண்டலத்தச் சுத்தி எல்லா பக்கமும் பரவியிருக்கு. அது என்னான்னு இன்னும் யாருக்கும் தெரியாது. அதையும் சொல்லு, தெரிஞ்ச மாதிரி அளக்காத.”

அப்படியே சொன்னேன். முதல் பரிசு. காவடி உதாரணத்தை யார் சொல்லிக்கொடுத்தது என்று நடுவர் கேட்டார். “நானே யோசிச்சேன் சார்” என்றேன். வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்த அக்கா, கடைசி வரிசையில் இருந்து கை தட்டினாள். வீடு திரும்பும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “கெட்டிக்காரிலா நீ.” அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றிருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் பட்டதாரியானேன். அக்கா புக்கிட் மெர்தாஜாமுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இன்னும் அதே வேலைதான். அன்று பொய் சொன்னது தப்பு என்று அவளிடம் பலமுறை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். சொன்னால் அவளுக்கு ஆறுதலா, எனக்கு ஆறுதலா என்ற குழப்பத்திலேயே ஆண்டுகள் போய்விட்டன.

சென்ற மாதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கும் அதே தலைப்பில் பேச்சுப் போட்டி வந்தது. தலை பின்னிக்கொண்டே காவடியைச் சொல்லிக்கொடுத்தேன்.

“இது யாரும்மா யோசிச்சது?”

பெரியம்மா என்று சொன்னால், பெரியம்மா ஏன் படிக்கவில்லை என்று அடுத்த கேள்வி வரும். என் கை பின்னலில் நின்றது. “அம்மாதான்” என்றேன். அவசரத்தில் வந்த பதில் என்று சொல்லிக்கொள்ள முடியாது. யோசித்துத்தான் சொன்னேன்.

போட்டியன்று மகள் தானே போன் செய்து பெரியம்மாவை வரவழைத்திருந்தாள். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் மகள் நிமிர்ந்து நின்று தொடங்கினாள்: “காவடிக்குப் பின்னால் கயிறு பிடிப்பவரைப் பாருங்கள். இது என் அம்மா யோசித்த உதாரணம்.”

நான் அக்காவின் பக்கம் திரும்பவில்லை. பேச்சு முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. எனக்கு மிக அருகில் தட்டிய இரண்டு கைகள், மற்ற எல்லாரும் நிறுத்திய பிறகும் நிற்கவில்லை.