முனிரத்தினத்தின் நான்கு மூடிகள்

சுரங்கக்காரர்கள் குடியிருந்த எங்கள் லைனில் ஒரு கார் இருக்கிறது. பெரும்பாலும் இருக்கத்தான் செய்கிறது, போவது அபூர்வம். வாரத்தில் ஆறு நாள் குழாயடிக்குப் பக்கத்தில் நிற்கும். ஏழாம் நாள் ஆண்டர்சன்பேட்டைக்குப் போய்க் கோழிக்கறி வாங்கிவந்து, களைத்துப்போனதுபோல மறுபடியும் நிற்கும்.

காரின் சொந்தக்காரர் முனிரத்தினம் அண்ணன். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஷாப்ட் வாயிலில் நின்று, கேஜ் என்ற இரும்புக் கூண்டுக்குள் ஆட்களை ஏற்றி, கதவைச் சாத்தி, பெல் அடித்துப் பூமிக்குள் அனுப்பிவைத்தவர். சுரங்கத்தை மூடியபிறகு இருபது வருஷத்துக்கு மேல் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கேட்டைத் திறந்து மூடினார். திறந்து மூடியே ஆயுசு போனதால்தானோ என்னவோ, ஓய்வு பெற்றதும் நான்கு கதவுள்ள ஒரு பொருளாகப் பார்த்து வாங்கினார். எத்தனை பேர் ஓட்டிய கார் என்று கேட்டால், "நல்லா பழகின வண்டி" என்பார்.

காரில் குறை ஒன்றுதான். அவர் மனைவி பாக்யலட்சுமி அக்கா அதில் ஏறுவதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. தை மாதம் குடியாத்தத்தில் அக்காவின் பெரிய அண்ணன் மகனுக்கு நிச்சயதார்த்தம். அத்தை சீர் ஏழு தட்டு. அவற்றை மடியிலும் பக்கத்திலும் வைத்துக்கொண்டு அக்கா முதல்முறையாகச் சொந்தக் காரில் அண்ணன்மார் வீட்டுக்குப் போனார். வி.கோட்டா தாண்டியதும் டயரில் காற்று இறங்கியது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தால், அதில் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. இரண்டு மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வாழைப்பழம் கறுத்தது. குடியாத்தம் போய்ச் சேர்ந்தபோது தட்டு மாற்றி முடித்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய அண்ணன் சபையில் எல்லார் காதிலும் விழும்படி, "வாம்மா, கார்ல வந்தியா? அதான் லேட்டு. ரசம் கொஞ்சம் கீது, சாப்பிடு" என்றாராம்.

அன்றிலிருந்து அக்காவுக்குப் பஸ்தான்.

இப்போது ஆவணியில் அதே பையனுக்குக் கல்யாணம். முந்தின நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பு. முனிரத்தினம் அண்ணனுக்கு ஒரே ஆசை. மண்டபத்து வாசலில் மூன்று மச்சான்களும் சந்தனக் கும்பாவோடு நிற்கும்போது கார் போய் நிற்க வேண்டும். முன்சீட்டிலிருந்து பாக்யலட்சுமி இறங்க வேண்டும். குழாயடியில் யார் குடத்தை வைத்தாலும் இதைச் சொன்னார். அக்காவிடமும் சொன்னார்.

"நான் பஸ்ல வரேன். நீங்க உங்க வண்டிய தள்ளிகினு வாங்க."

அதன் பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது.

உள்ளே நான்கு மூடிகளும், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு திரையும் இருந்தன. டயரில் காற்றடிக்கும் வால்வின் தலையில் மூடியைத் திருக வேண்டும். எந்தச் சக்கரத்தில் எவ்வளவு காற்று என்று அது ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் திரைக்குச் செய்தி அனுப்பும். குறைந்தால் கத்தும். இதைத் தெரிந்துகொள்ள அண்ணன் போனில் பதினாறு வீடியோ பார்த்தார். பெட்டியில் இருந்த தாளை மட்டும் படிக்கவில்லை. எழுத்து எறும்பு சைசில் இருக்கிறது, எறும்புக்காகப் போட்டிருக்கிறார்கள் என்றார்.

பங்க்சர் கடை ரிச்சர்ட் அந்தப் பக்கம் வந்தவர், "குடுங்கண்ணா, டீ ஆறதுக்குள்ள மாட்டிடறேன்" என்றார்.

"இன்னாடா இது? ஒரு நாளைக்கு ஆயிரம் பேரை உள்ள அனுப்பி, ஆயிரம் பேரையும் வெளிய எடுத்தவன் நானு. நாலு மூடி மாட்ட மாட்டனா?"

"அதுக்குச் சொல்லல. சும்மா ஒரு ஒத்தாசைக்கு..."

"ஒத்தாசைன்னா தள்ளி நின்னு பாரு."

ஐந்து நிமிஷ வேலையை ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையாக்கினார். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் துணி குறைவுதான். பார்க்க வேண்டியிருந்ததால் சில துணிகளை இரண்டு தரம் உதறினேன். மூடிகளில் எல், ஆர் என்று சின்னதாகப் பொறித்திருந்தது. அண்ணன் காருக்கு எதிரே, கேஜுக்கு எதிரே நிற்பதுபோல, காலை அகட்டி நின்றார். இடது கையை நீட்டி, "இது லெஃப்ட்" என்றார். வலது கையை நீட்டி, "இது ரைட்" என்றார். பின் சக்கரங்களுக்கும் அங்கேயே நின்றபடிதான் கணக்கு. பிறகு, மூடியைத் திருடிக்கொண்டு போவார்கள் என்று அடியில் ஒரு நட்டைப் போட்டு இறுக்கினார். அப்படியும் திருடுவார்கள் என்று நான்குக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்தார். எழுத்து மறைந்தது.

காருக்கு எதிரே நிற்பவரின் இடதும், காருக்குள்ளே உட்காருபவரின் இடதும் ஒன்றா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். ஆனால் நான் எட்டாவதோடு நின்றவள். பதினாறு வீடியோ பார்த்தவரிடம் போய் எப்படிக் கேட்பது? கிளிப்பை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

திரை வெயிலில் சார்ஜ் ஆகும் என்பதால், கார் அன்றிலிருந்து வெயிலில் நின்றது. சீட்டில் அப்பளம் சுடலாம். அண்ணன் உள்ளே உட்கார்ந்து, அசையாத காரின் காற்றைச் சோதித்து, "நாலும் முப்பத்திரண்டு!" என்று லைனுக்கே அறிவிப்பார். இருக்க வேண்டிய அளவு அதுதான். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மழை பெய்தால் கூடுதலாக ஒருமுறை.

மூன்றாம் நாள் அக்கா வாசலுக்கு வந்து திரையைப் பார்த்தார். நான்கும் முப்பத்திரண்டு.

"இது நிஜமா சொல்லுதா, நீங்க சொல்லச் சொன்னீங்களா?"

"மிஷின் பொய் சொல்லாது, பாக்யா."

அக்கா அரை மனதாகச் சம்மதித்தார். மீதி அரை மனசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டார். "நீ பின்னால உக்காந்து தட்டப் புடிச்சிக்கோ. பழம் கறுத்துச்சின்னா சாட்சி சொல்ல ஒரு ஆளு வேணும்."

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மத்தியானம், இந்தத் தடவையும் ஏழு தட்டோடு, கிளம்பினோம். அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். திரை பீப், பீப், பீப் என்றது.

"இன்னாது?" என்றார் அக்கா.

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "மூணு பெல்! மைன்ஸ்ல ஒரு பெல்லுன்னா நில்லு, ரெண்டுன்னா எறக்கு, மூணுன்னா ஆள் ஏறியாச்சு, பாத்துப் போ. உன்னத்தான் சொல்லுது, பாக்யா!"

சீனாக்காரன் செய்த திரைக்குச் சாம்பியன் ரீப்ஸ் பெல் எப்படித் தெரிந்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அக்கா லேசாகச் சிரித்ததாகக்கூட நினைக்கிறேன்.

பேத்தமங்கலம் வரை திரை மூன்று மூன்றாகப் பெல் அடிக்க, ஆள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். அதன் பிறகு கத்தல் நிற்கவில்லை. திரையில் காரின் படம். அதில் முன்பக்க இடது சக்கரம் மின்னியது. இருபத்திநான்கு.

"பாத்தியா? போன தடவ இது இல்ல. இப்ப முன்னாடியே சொல்லிடுச்சு" என்று அண்ணன் பெருமையோடு ஓரங்கட்டினார். கையோடு மின்சாரப் பம்பும் வாங்கி வைத்திருந்தார். இடது முன்சக்கரத்துக்குப் போய், நட்டைக் கழற்றி, மூடியைக் கழற்றி, பம்பை மாட்டினார். காற்று அடிக்கும் முன்னாலேயே பம்பின் மீட்டர் முப்பத்திரண்டு காட்டியது.

"இது டூப்ளிகேட் மீட்டரு" என்று நாற்பத்தைந்து வரை அடித்தார். மூடியை மாட்டிவிட்டு வந்து திரையைப் பார்த்தால், இடதில் அதே இருபத்திநான்கு. வலதில் மட்டும் நாற்பத்தைந்து. இப்போது இரண்டு சக்கரமும் மின்னின.

அண்ணன் சிறிது நேரம் யோசித்தார். அவர் யோசிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"காத்து இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போவுது" என்றார்.

"எப்படிப் போவும்? ரெண்டுக்கும் நடுவுல குழாயா கீது?" என்றார் அக்கா.

"உனக்கு டெக்னிக்கலு புரியாது."

வலது முன்சக்கரத்துக்குப் போய், மூடியைக் கழற்றி, ஒரு குச்சியால் வால்வை அழுத்தினார். ஏற்கெனவே நோஞ்சானாக இருந்த டயர் சீறக்கூட இல்லை, பெருமூச்சு விட்டது. திரை அதிகமாக இருக்கிறது என்று சொன்னதால், அவர் தாராளமாகவே விட்டார். கார் அவர் பக்கமாகச் சாய்ந்தது. திரையில் இடது பக்கம் பத்து என்று வந்தது.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை விரலால் அமுக்கிப் பார்த்தார். பெட்டியில் வந்தது நான்கு மூடி. ஸ்டெப்னிக்கு மூடி இல்லை. மூடி இல்லாததால் அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அது தை மாதத்தில் இறங்கியபடியே இருந்தது.

அக்கா கதவைத் திறந்தார். இறங்கினார். புடவையைச் சரிசெய்தார். தூரத்தில் வேலூர் பஸ் வந்தது. ரோட்டின் நடுவே போய்க் கையைக் காட்டினார்.

"பாக்யா, அஞ்சு நிமிஷம். அஞ்சே நிமிஷம்."

"புளியமரம் எங்கன்னு பாத்து நிழல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். ஏழு தட்டும் பஸ்ஸில் நசுங்கும் என்பதால் காரிலேயே இருந்தன. நான் தட்டுகளோடு சேர்த்தி.

பஸ் போனபிறகு அண்ணன் பம்பைக் கையில் பிடித்தபடி நின்றார். அறுபது வயது மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, இரண்டு முழங்காலிலும் செம்மண். மறுபடியும் இடது டயரைப் பார்த்து நடந்தார். இன்னொரு முறை அடித்தால் அது வெடிக்கும். தட்டுகளோடு நானும் போவேன் என்ற பயத்தில்தான் எனக்குப் பேச்சே வந்தது.

"அண்ணா."

"இன்னாம்மா?"

"அன்னிக்கு நீங்க காருக்கு எதிர்ல நின்னு மாட்டுனீங்க. இப்ப உள்ள உக்காந்து பாக்கறீங்க."

அவர் என்னைப் பார்த்தார். காருக்கு எதிரே போய் நின்று இடது கையை நீட்டினார். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து இடது கையை நீட்டினார். மறுபடியும் இறங்கிப் போய் எதிரே நின்றார். ரோட்டில் போன ஒரு டிராக்டர்காரர் வேகத்தைக் குறைத்து இதையெல்லாம் பார்த்துவிட்டுப் போனார்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"சொல்றதுக்கு இன்னா?"

ரிச்சர்டுக்குக் கிடைத்த பதில் எனக்கு நினைவிருந்தது. தட்டுகளைச் சரிசெய்து வைத்தேன்.

மூடிகளைப் பக்கம் மாற்றி, வலது டயரில் காற்றடித்து, இடதில் குறைத்தார். வலது டயரில் ஒரு சின்ன ஆணி ஏறியிருந்தது, ஒட்டுப்போட நேரமில்லை. வி.கோட்டா பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த வேலூர் பஸ்ஸைக் காரிலேயே எட்டிப் பிடித்தோம். அண்ணன் ஜன்னலோரம் ஓடினார்.

"எறங்கு பாக்யா, சரியாயிடுச்சு. தப்பு என்னுதுதான்."

முப்பத்தைந்து வருஷக் கல்யாணத்தில் அந்தக் கடைசி வார்த்தையை அக்கா முதல்முறை கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "டிக்கெட் எடுத்துட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு மலைப்பாதை முழுவதும் பஸ் முன்னே, நாங்கள் பின்னே. எங்களை எத்தனையோ வண்டிகள் முந்திப் போயின. அண்ணன் பஸ்ஸை முந்தவில்லை. பஸ் நின்ற இடமெல்லாம் நின்றார். பேரணாம்பட்டில் ஆள் ஏறி இறங்கும்வரை காத்திருந்தார். கடைசி ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்திருந்த அக்கா வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்தார், பழம் கறுத்ததா என்று பார்ப்பதுபோல.

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் அக்கா இறங்கியபோது, அண்ணன் காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கேஜ் கதவை அப்படித்தான் பிடித்திருப்பார். வா என்று சொல்லவில்லை. அக்கா ஆட்டோ ஸ்டாண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவருடைய முழங்கால் மண்ணைப் பார்த்தார்.

"ஏழு தட்ட ஆட்டோல வெச்சிகினு போவ முடியாது. மண்டபம் வரைக்கும்தான்" என்று ஏறிக் கதவைச் சாத்தினார்.

திரை பீப், பீப், பீப் என்றது.

வலது முன்சக்கரம், இருபத்தைந்து. ஆணி தன் வேலையைச் செய்திருந்தது. அண்ணன் வாயைத் திறந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். தெருக்கோடியில் மண்டபத்துச் சீரியல் விளக்கு தெரிந்தது. வாசலில் மூன்று அண்ணன்மாரும் நின்றிருந்தார்கள். இந்தத் தடவை இறங்கிப் பம்பு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் கதவில் கை வைத்தார்.

அக்கா தலைப்பூவைச் சரிசெய்தபடி, நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மூணு பெல்லுதான? ஆள் ஏறியாச்சு. பாத்துப் போங்க."