பள்ளிக்கூடத்து வயது

என் மகளுக்கு அப்போது ஏழரை வயது. பள்ளிக்கூடத்தில் ஆறு. சேர்க்கப் போன அன்று மாமனார்தான் ஒன்றரை வருடத்தைக் குறைத்துச் சொன்னார். பின்னால் அரசு வேலைக்கு எழுதும்போது வயது தாண்டிவிடக் கூடாதாம். எங்கள் மலையில் அப்போது பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில்தான் பிறந்தார்கள். பெரியவர்கள் சொல்வதுதான் பிறந்த தேதி. விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். நல்லதற்குத்தானே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

அந்த வருடம் அவள் மெலிந்துகொண்டே போனாள். பள்ளிக்குப் போகும் வழியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். குளிப்பாட்டும்போது விலா எலும்புகள் கையில் தட்டும். கரியாலூர் சுகாதார நிலையத்தில் வாங்கிக் கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை. நான்தான் சரியாக ஊட்டவில்லையோ, இல்லை, இல்லாத நோயை நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்று ஓயாமல் யோசித்தேன்.

பிள்ளைகளின் எடை பார்க்கப் பள்ளிக்கு நர்ஸ் வருவதாக டீச்சர் சொல்லியனுப்பினார். எடை குறைந்த பிள்ளைகளை அன்றைக்கே வேனில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்ப்பார்களாம். மற்ற அம்மாக்கள் பயந்தார்கள். நான் மாற்றுத் துணியோடு போனேன்.

மகள் மெஷினில் ஏறி நின்றாள். நர்ஸ் முள்ளைப் பார்த்தார், உயரம் அளந்தார், அட்டையில் ஆறு வயதுக்கு நேராகப் புள்ளி வைத்தார்.

"வயசுக்கு ஏத்த வெயிட்டு தாம்மா. ஒசரம் ஜாஸ்தியாவே கீது. ஒண்ணும் பயமில்ல."

பக்கத்தில் தலைமையாசிரியர் நின்றிருந்தார். சொன்னால் பள்ளியில் சேர்த்ததே தப்பென்று ஆகுமோ, மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது என்று தயங்கினேன். பிறகு குனிந்து, மெதுவாக, உண்மையான வயதைச் சொன்னேன்.

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். "வேன்ல போவணும்னு மூட்டை கட்டிகினு வந்துட்டாங்க. வுடுவாங்களா?"

நர்ஸுக்கு அலுப்பு. "ஆளுக்கு ஒரு வயசு சொல்றீங்க. நான் இன்னான்னு எழுதறது?" என்றவர் மகளிடம் திரும்பினார். "நீ சொல்லு பாப்பா. உனுக்கு எத்தினி வயசு?"

அவள் தலைமையாசிரியரைப் பார்த்தாள். யார் கேட்டாலும் சொல்லவேண்டியதை மாமனார் அவளுக்கு மனப்பாடமாக்கியிருந்தார். கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஆறு, டீச்சர்."

நர்ஸ் அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு அடுத்த பிள்ளையை ஏறச் சொன்னார். மகள் இறங்கி, சரியாகச் சொன்னேனா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். ஆமென்று தலையசைத்தேன்.

மத்தியானம் வேன் அவளை ஏற்றாமலே மலையிலிருந்து கீழே இறங்கியது.